தொடைக்கடியில் வைத்த கை

என் மகளின் புத்தியை அளந்த பெட்டி ஒரு மரப்பெட்டி. மூடியில் பித்தளைக் கொக்கி போட்டு, ஆர்மோனியப் பெட்டியில் பாதி அளவு இருக்கும். உள்ளே கட்டைகள், படம் போட்ட அட்டைகள், ஓட்டப் பந்தயத்துக்கு வைத்திருப்பார்களே அந்த மாதிரி ஒரு கடிகாரம். ஒரு பிள்ளையின் புத்தி இதற்குள் அடங்குமா என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. அடங்கும் என்று நம்பித்தான் போனேன். என் மகள் நிறைய எடுப்பாள் என்றும் நம்பினேன்.

எமர்ஜென்சி முடிந்து இரண்டு வருஷம் இருக்கும். அவளுக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளைப் பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குச் சேர்க்கிற மாதம். நானே தலைக்குக் குளித்து, பட்டுக்கரைச் சேலை உடுத்தி, அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் படித்தது இரண்டாம் வகுப்புதான். பஸ் போர்டை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். என் பெயரைக் கையெழுத்தாகப் போடுவேன். ஆனால் களத்தில் நெல் அளக்கும்போது நான் பக்கத்தில் நின்றால் ஒரு மரக்கால் இப்படி அப்படி ஆகாது. என் வீட்டுக்காரர் குடும்பம் கோவிலில் பரிவட்டம் கட்டுகிற குடும்பம். அந்த வீட்டுக்கு வாழ வந்தவள் என்கிற நிமிர்வு எனக்கு எப்போதும் உண்டு. இன்றைக்கும் உண்டு, பொய் சொல்லவில்லை.

பெரிய வாத்தியார் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து மூன்று வரி எழுதச் சொன்னார். மற்றப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வேப்பமரத்தடிக்கு விளையாடப் போய்விட்டார்கள். என் மகள் முதல் வரியிலேயே இருந்தாள். எழுத்தெல்லாம் யானை யானையாக, கோடு விட்டு இறங்கி, ஒன்றிரண்டு திரும்பிப் பார்த்தபடி இருந்தது. அவர் அவளுடைய ஐந்தாம் வகுப்புப் பரீட்சைத் தாள்களையும் வாங்கிப் புரட்டினார். எல்லாமே பாதியில் நின்றிருந்தது. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்கம்மா. இதுக்கு வயசுக்கேத்த புத்தி இருக்கான்னு முதல்ல பாக்கணும். திருநெல்வேலியில ஒரு ஆஸ்பத்திரியில அதுக்குன்னே பரீட்சை வைக்காங்க. அந்தப் பேப்பரைக் கொண்டாங்க. பெறகு சேக்கதா வேண்டாமான்னு சொல்லுதேன்."

புத்தி குறைவு என்று வந்தால், அப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்று அந்தப் பக்கமே இருக்கிறது, அங்கே விட்டுவிடுவதுதான் நல்லது என்றும் சொன்னார். பிள்ளையை நாமும் 'அது' என்போம். கொஞ்சுகிறபோது சொல்வோம். அவர் சொன்ன 'அது' அப்படி இல்லை. என் மகளை வீட்டை விட்டு எடுத்துக் கொண்டுபோய் எங்கோ ஒரு விடுதியில் போடுவதற்கு ஒரு தாள் போதும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். திகைப்பை விடக் கோபம்தான் முந்தியது. அந்தத் தாளை வாங்கிவந்து இவர் மேஜையில் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இறங்கிவந்தேன்.

இங்கே அவள் கையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அவளுக்கு மூன்று வயதில், கோவிலில் பட்டர் திருநீறு கொடுக்கும்போது இடதுகையை நீட்டினாள். பட்டர் கையை இழுத்துக்கொண்டார். பின்னால் நின்ற என் பெரிய நாத்தனார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, வளர்த்த லட்சணம் கையிலேயே தெரிகிறது என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன். முதலில் அந்தக் கையில் வேப்பெண்ணெய் தடவினேன். கசப்பைச் சகித்துக்கொண்டு அந்தக் கையாலேயே தின்றாள். பிறகு துணியால் சுற்றிக் கட்டினேன். அவிழ்த்துவிட்டாள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். உட்கார்ந்தால் இடது உள்ளங்கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார வேண்டும். சாப்பிடும்போது, எழுதும்போது, விருந்தாட்கள் வந்தால், எப்போதும். மறந்தால் என் கரண்டிக் காம்பு ஞாபகப்படுத்தும். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது கை அடங்கிவிட்டது. எத்தனையோ வீட்டில் முடியாத காரியம். நான் இரண்டு வருஷத்தில் முடித்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

திருநெல்வேலிக்குப் போகிற பஸ்ஸில் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "அங்கன யாரு முன்னாலயும் பீச்சாங்கைய நீட்டிராத. எந்த வீட்டுப் பிள்ளைன்னு பாத்தாலே தெரியணும்." அவள் தலையை ஆட்டினாள். அவள் பேச்சு எப்போதும் அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் எங்களைக் கூப்பிட்டது வயதான டாக்டர் இல்லை. கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண், இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். கைத்தறிச் சேலை, வடக்கத்திப் பக்கத்துப் பேச்சு, மெட்ராஸாக இருக்கலாம். நான் டாக்டரம்மா என்றேன். தான் டாக்டர் இல்லை, மனசைப் பற்றிப் படித்தவள், பரீட்சை வைப்பது மட்டும்தான் தன் வேலை என்றாள். தாயார் வெளியே இருப்பதுதான் முறையாம். பிள்ளை என் சேலையை விடாததால், மூலையில் நாற்காலி போட்டு, வாயைத் திறக்கக் கூடாது, கண்ணாலும் ஜாடை காட்டக் கூடாது என்று சொல்லி உட்கார வைத்தாள்.

நான் எதிர்பார்த்தது கணக்கும் வாய்ப்பாடும். அந்தப் பெண் கேட்டதோ வேறு தினுசு. நம்பர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அதே மாதிரி திருப்பிச் சொல்லச் சொன்னாள். என் மகள் சொன்னாள். நம்பர்கள் நீண்டுகொண்டே போயின, அவளும் விடவில்லை. பிறகு கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்லச் சொன்னாள். அதையும் சொன்னாள். அந்தப் பெண் எழுதுகிறதை நிறுத்தி ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நெல்லும் கம்பும் எந்த விதத்தில் ஒன்று என்று ஒரு கேள்வி. "ரெண்டையும் எங்கம்மா ஒரே மரக்கால்ல அளப்பா" என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, வேறு ஏதாவது என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டுலயும் சோறு பொங்கலாம்" என்றாள் மகள். அந்தப் பெண் கதை மாதிரி ஒன்றைச் சொல்லி, அந்த இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டாள். அதற்கும் மெதுவாக, ஆனால் பொருத்தமாகவே பதில் வந்தது.

பிறகு பெட்டியிலிருந்து கட்டைகளை எடுத்து மேஜையில் கொட்டினாள். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் மூலைக்கு மூலை பாதிப்பாதி. முதலில் எண்ணச் சொன்னாள். என் மகள், "லாபம், ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணினாள். அந்தப் பெண் பேனாவைத் தூக்கிக்கொண்டு பார்த்தாள். மறுபடி எண்ணச் சொன்னாள். மறுபடியும் லாபம், ரெண்டு. எங்கள் களத்தில் முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம் என்போம். அதைக் கேட்டே வளர்ந்த பிள்ளை. எனக்கு வாய் துறுதுறுத்தது. பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறதே என்று அடக்கிக்கொண்டேன். அந்தப் பெண் தாளில் என்னமோ எழுதினாள்.

அட்டையில் இருக்கிற கோலம் மாதிரியே கட்டையை அடுக்க வேண்டும். அந்தப் பெண் கடிகாரத்தை அமுக்கினாள். என் மகள் இடதுகையைத் தொடைக்கடியில் வைத்து, வலதுகையால் ஒரு கட்டையை எடுத்தாள். ஒற்றைக் கையால் அதைத் திருப்ப வரவில்லை. மேஜையில் வைத்து, விரலால் உருட்டி, வேண்டிய பக்கம் மேலே வருகிற வரை தள்ளினாள். இரண்டாவது கட்டையை வைக்கும்போது முதல் கட்டை நகர்ந்தது. அதைச் சரிசெய்தாள். கடிகாரம் நின்றது. அடுத்த அட்டை. அதுவும் முடிவதற்குள் நின்றது. சுவர் சுவராக வரைந்த படத்துக்குள் பென்சிலால் வழி கண்டுபிடித்துக் கோடு போடுகிற ஒன்று இருந்தது. கோடு சுவரை இடித்து இடித்துப் போனது. துண்டு துண்டான அட்டையைச் சேர்க்கச் சொன்னபோதும் அப்படித்தான்.

நான் பார்த்தது எதை என்று நினைக்கிறீர்கள்? கட்டையை இல்லை. தொடைக்கடியில் இருந்த கையை. ஒன்றரை மணி நேரம் அது வெளியே எட்டிப் பார்க்கவில்லை. அந்நிய மனுஷி முன்னால் என் மகள் எவ்வளவு அடக்கமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தேன். கடவுளே.

மதியத்துக்கு மேல் தாள் தயாராகிவிடும் என்றார்கள். அந்தப் பெண்ணை அதற்குள் வேறு வார்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு ஆள் கவருக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான். என் மகள் எவ்வளவு எடுத்திருக்கிறாள் என்று கேட்டேன். தாளைப் பார்த்து, எழுபத்தொன்று என்றான். நூற்றுக்கா என்றேன். நூறுதான் கணக்கு, வாத்தியாரிடம் கொடுங்கள், விவரமாகச் சொல்வார் என்று சொல்லிக் கவரை ஒட்டிக் கொடுத்தான்.

எழுபத்தொன்று! பாதிப் பரீட்சைதான் எழுதுவாள் என்று சொன்ன பிள்ளை. பஸ் ஸ்டாண்டில் அல்வா வாங்கினேன். ஊர் வந்து தெருவில் ஐந்தாறு வீட்டுக்குக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு மைனியிடம், திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலேயே என் மகளுக்கு முதல் கிளாஸ் புத்தி என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். மறுநாள் காலையில் வாத்தியாருக்கும் ஒரு பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் கவரைப் பிரித்தார். அல்வாவை நான் மேஜையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"நீங்க வாசிச்சீங்களாம்மா?" என்றார்.

"எழுபத்தொண்ணுன்னு சொன்னாங்க. ஒங்க பள்ளிக்கூடத்துல எத்தனை பேரு ஐயா அத்தனை எடுப்பாங்க?" என்றேன்.

இப்படிக் கேட்டவள் நான்தான். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் இதைச் சொல்ல வாய் கூசுகிறது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "இது மார்க் இல்லம்மா" என்றார். அந்தந்த வயதுப் பிள்ளை சாதாரணமாக எவ்வளவு செய்யுமோ அதற்கு நூறு என்று வைத்திருக்கிறார்கள். நூறு எடுத்தால் அது கெட்டிக்காரப் பிள்ளை இல்லை, மற்றவர்களைப் போல ஒரு பிள்ளை. எழுபத்தொன்று என்றால், பத்து வயதுப் பிள்ளைக்கு ஏழு வயதுப் புத்தி. "நான் சந்தேகப்பட்டது சரியாப்போச்சு. விடுதிக்கு நானே லெட்டர் தாரேன். சீக்கிரம் கொண்டு விட்டீங்கன்னா இந்த வருசமே சேத்துக்கிடுவாங்க."

அவர் பேசப் பேச நான் அல்வாப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெய் காகிதத்தில் ஊறி, அடியில் இருந்த சேர்க்கை விண்ணப்பங்களில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தாளாக இறங்குகிறது. அதை எடுக்க வேண்டும் என்று தெரிகிறது, கை வரவில்லை. அவர்தான் எடுத்து ஜன்னலில் வைத்தார்.

தெருவுக்குள் வந்தால் மைனி வாசலில் நிற்கிறாள். எப்படித் தெரிந்ததோ, அவள் மகன் அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான், அவன் சொல்லியிருப்பான். "அல்வா நல்லாத்தான் இருந்துச்சு மக்கா. ஏழு வயசுப் பிள்ளைக்குப் பத்து வயசுன்னு ஏமாத்தி வாங்கிக் குடுத்திட்டியே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் வீட்டுக்குள் போகாமல் அப்படியே கரிவலம் ஊருக்குப் போகிற பாதையில் எங்கள் தோட்டத்துக்கு நடந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே இருந்தார். மகளும் அவர்கூடப் போயிருந்தாள். வாத்தியார் திருப்பிக் கொடுத்த தாளைச் சேலைக்குள் செருகியிருந்தேன்.

கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து வந்தது. கத்திரியும் மிளகாயும் போட்ட பாத்திகள், இருபதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு மடை. ஒன்று நிறைந்ததும் மண்ணைப் போட்டு அதை அடைத்து அடுத்ததை வெட்டிவிட வேண்டும். தப்பினால் ஒரு பாத்தி மூழ்கும், ஒன்று காயும். என் வீட்டுக்காரர் வரப்பில் சும்மா உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். மடை மாற்றியது என் மகள்.

நான் வேலி ஓரத்தில் நின்றுவிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகி, கையில் களைக்கொத்து வைத்துக்கொண்டு தண்ணீருக்கு முன்னால் ஓடுகிறாள். ஒரு வெட்டு, மடை திறக்கிறது. இரண்டு கொத்து மண், முந்தின மடை அடைகிறது. மேட்டுப் பாத்தி இரண்டை விட்டுவிட்டு மூன்றாவதற்குப் போனாள். ஏன் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் தண்ணீரை மறித்துத் தேக்கி, அது ஏறி வந்ததும் விட்டுப்போன இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்தாள். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. ஏழு வயதுப் புத்தி என்று எழுதின தாள் என் இடுப்பில் இருக்கிறது.

களைக்கொத்து அவளுடைய இடதுகையில் இருந்தது.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். நான் அவள் கையைக் காட்டினேன். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பீச்சாங்கையாலதான் செய்யுதா. எப்பவும் அப்படித்தானே."

"எப்பவுமா?"

"ஒனக்குத் தெரியாதா? தோட்டத்துல வேலை செய்யுத அத்தனை பேருக்கும் தெரியும். நீ நிக்கும்போதுதான் அவளுக்கு வலதுகை."

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் தோட்டத்துக்கும் வரவிட மாட்டாய் என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

பேச்சுச் சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். என்னைக் கண்டதும் களைக்கொத்தை அப்படியே கீழே போட்டாள். அந்தக் கை முதுகுக்குப் பின்னால் போயிற்று. பின்னால் மடை உடைந்து தண்ணீர் பாதையில் ஓடுகிறது. அவள் அதைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். கரண்டிக் காம்பு என் கையில் இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. நான் பெற்ற பிள்ளை என்னைப் பார்த்து இப்படி நிற்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எழுபத்தொன்று என்று கேட்டபோது விழுந்த அடி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அந்தக் கட்டைகள் என் கண்முன்னால் வந்தன. ஒற்றை விரலால் உருட்டி உருட்டி. கடிகாரம் நின்றது. நான் பூரித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து மறுபடி திருநெல்வேலிக்குப் போனோம். பஸ்ஸில் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டர், நாத்தனார், வேப்பெண்ணெய், துணி, கரண்டிக் காம்பு. வேறு ஆளிடமென்றால் சொல்லியிருக்க மாட்டேன். நான் முடித்ததும் அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"கையை அடியில வெச்சிருந்ததை நான் பார்த்தேம்மா. கூச்சம்னு நினைச்சேன். கேட்டிருக்கணும்" என்றாள்.

பிறகு என் மகளுடைய தாளைப் பீரோவிலிருந்து எடுத்து விரித்துக் காட்டினாள். அதில் வரிசையாகப் புள்ளிகள் வைத்துக் கோடு இழுத்திருந்தது. சில புள்ளிகள் மேலே, சில அதலபாதாளத்தில். எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். இந்தப் பரீட்சை ஒன்று இல்லை, பல. கேட்டதை மனசில் வைப்பது ஒரு திறமை. சொல்லைப் புரிந்துகொண்டு பதில் சொல்வது வேறு. கண்ணால் பார்த்ததைக் கையால் அமைப்பது வேறு. எல்லாவற்றிலும் கொஞ்சம் பொதுவாக ஓடுகிற புத்தி ஒன்றும் உண்டு என்று படித்தவர்கள் நினைக்கிறார்கள். அதற்காகத்தான் எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகப் போடுவது. புள்ளிகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தால் அந்த எண்ணை நம்பலாம். இப்படி மேலேயும் கீழேயுமாகக் கிடந்தால் எண்ணை விட்டுவிட்டு, ஏன் என்று கேட்க வேண்டும்.

மேலே இருந்த புள்ளியைத் தொட்டுக் காட்டினாள். நம்பர் திருப்பிச் சொன்னது. அது பத்து வயதுக்கும் மேலே இருந்தது. கீழே கிடந்தவை எல்லாம் கையும் கடிகாரமும் சேர்ந்தவை. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"லாபம்னு எண்ணினாளே, அது என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். தலையில் கையை வைத்துக்கொண்டாள். எண்ணத் தெரியவில்லை என்று எழுதியிருந்த வரியை என் முன்னாலேயே அடித்தாள்.

இன்னொரு தடவை பரீட்சை வையுங்கள் என்று கேட்டேன். உடனே வைக்கக் கூடாதாம். ஒரு தடவை பார்த்த கட்டை பழகியிருக்கும்; வருகிற எண் பொய்யாகப் போகும். ஒரு வருஷம் ஆக வேண்டும். ஆனால் எண் போடாமல், சும்மா செய்யச் சொல்லிப் பார்க்கலாம் என்று பெட்டியைத் திறந்தாள்.

கட்டைகளை மேஜையில் வைத்தாள். எந்தக் கையாலும் செய்யலாம் என்று என் மகளிடம் சொன்னாள். என் மகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இடதுகை தொடைக்கடியில் போயிற்று. அந்தப் பெண் மறுபடியும் சொன்னாள். கை வரவில்லை. என் மகள் என்னைப் பார்த்தாள்.

"எடுத்துச் செய்யி மக்கா" என்றேன். கை அசைந்தது, வெளியே வரவில்லை. வாயால் சொன்னதை அவள் நம்பவில்லை. ஏழு வருஷம் நான் சொன்னது வேறு அல்லவா.

நான் மூலையிலிருந்து எழுந்து மேஜைக்கு வந்தேன். ஒரு கட்டையை எடுத்தேன். இடதுகையில் எடுத்தேன். பிறந்ததிலிருந்து யாருக்கும் அந்தக் கையால் ஒரு வெற்றிலைகூடக் கொடுத்தவள் இல்லை நான். அந்நியப் பெண் பார்த்துக்கொண்டிருக்க, என் மகளுக்கு முன்னால் அந்தக் கையை நீட்டினேன்.

"இந்தா. வாங்கு."

அவள் கட்டையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். பிறகு மெல்ல, உட்கார்ந்து உட்கார்ந்து வரிவரியாகத் தடம் பதிந்திருந்த அந்த உள்ளங்கை வெளியே வந்தது. கட்டையை வாங்கினாள்.

அதன் பிறகு நடந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை, கண் மறைத்தது. கட்டைகள் டக் டக்கென்று மேஜையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு கையும் போகிறது. அந்தப் பெண் அட்டையை மாற்றினாள், மறுபடி மாற்றினாள். அட்டைக் கட்டு தீர்கிறவரை மாற்றினாள். கடிகாரம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

அந்தப் பெண் எழுதிக் கொடுத்த கடிதத்தில், முன்பு போட்ட எண்ணை வைத்து இந்தப் பிள்ளையைப் பற்றி எதையும் முடிவுசெய்யக் கூடாது, இடதுகையால் எழுத விட வேண்டும், பரீட்சையில் கொஞ்சம் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று இருந்தது. எனக்கு வாசித்துக் காட்டினாள். இந்தத் தடவை கவரை ஒட்டவில்லை.

பெரிய வாத்தியார் அதை இரண்டு தடவை வாசித்தார். அறையில் வேறு மூன்று வாத்தியார்களும், பிள்ளை சேர்க்க வந்த நாலைந்து தாய்தகப்பன்மாரும் இருந்தார்கள். மைனியும் ஒரு ஓரத்தில் நின்றாள். எண் அப்படியேதானே இருக்கிறது, புது எண் ஒன்றும் போடவில்லையே என்றார் அவர்.

கடிதம் பேசும் என்று நினைத்துப் போயிருந்தேன். அது பேசவில்லை. நான்தான் பேச வேண்டியிருந்தது.

"நான்தான் ஐயா அந்தக் கையைக் கட்டினது. ஏழு வருசம் அடிச்சு அடக்கினேன். ஒத்தக் கையால அவ பரீட்சை எழுதுனா. நீங்க போட்ட பரீட்சையும் சரி, அவங்க போட்டதும் சரி, ரெண்டுமே அப்படி எழுதுனதுதான். கொறை அவ புத்தியில இல்ல. எங்கிட்ட."

மைனி தரையைப் பார்த்துக்கொண்டாள். வாத்தியார் என் மகளைக் கூப்பிட்டு, அன்றைக்கு எழுதின அதே மூன்று வரியை எழுதச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். நான் அறையைவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். நான் இருந்தால் அவள் எழுத மாட்டாள் என்று தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு வாத்தியார் வந்து, உள்ளே வந்து கையெழுத்துப் போடுங்கள் என்றார். ஒரு வருஷம் பார்ப்போம் என்று சேர்த்துக்கொண்டார்கள். நெய்க்கறை படிந்த விண்ணப்பம் ஒன்றைத்தான் எனக்குக் கொடுத்தார்கள். அந்தக் கறைமேல் என் பெயரை எழுதினேன்.

ஒரு வருஷம் கழித்து மறுபரீட்சைக்குப் போனோம். அந்தப் பெண் மாறுதலாகிப் போயிருந்தாள். பெட்டி பீரோவில் இருக்கிறது, சாவி இல்லை என்றார்கள். திரும்பி வந்தோம். அதற்குப் பிறகு என் மகளை யாரும் அளக்கவில்லை. முதல் வரிசையில் வந்த பிள்ளை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வகுப்பாகத் தேறினாள், படம் வரைகிற பாடத்தில் மட்டும் எல்லாரையும் தாண்டினாள். இப்போது அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெறப் போகிறாள்.

இதைச் சொல்ல வைத்தது வேறு ஒன்று. போன மாதம் லீவில் வந்திருந்தாள். அடுக்களையில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இடதுகையில் கத்தி, விறுவிறுவென்று. தண்ணீர் குடிக்கலாம் என்று நான் நிலையைத் தாண்டி உள்ளே காலை வைத்தேன். அவள் தலையைத் தூக்கவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. கத்தி மட்டும் வலதுகைக்கு மாறியது.

அவளுக்கே தெரியவில்லை. ஐம்பது வயது தாண்டின பெண். காய் பெரிது பெரிதாக விழ ஆரம்பித்தது.

நான் தண்ணீர் குடிக்காமல் வெளியே வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து மறுபடி அந்த விறுவிறுச் சத்தம் கேட்டது.